நியூஜெர்சியில் இப்போது காலை

பத்ரிநாராயணன் சோளக்கதிரைத் தணலில் திருப்பிப் போட்டார். விஜயலக்ஷ்மியின் பார்வை கதிரில் இல்லை. பத்ரியின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியில் இருந்தது.

மயிலாப்பூரின் அந்த அடுக்ககத்து மொட்டைமாடியில் ஜூலை நான்கு. அமெரிக்காவின் சுதந்திர தினம். பிள்ளைகள் அங்கே வேலை பார்ப்பதால் பெற்றோர் சங்கம் வைத்து இங்கே கொண்டாடுகிறார்கள். ஆகஸ்ட் பதினைந்தை வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார்.

கொடியைத் தி. நகரில் தைக்கக் கொடுத்திருந்தார்கள். நட்சத்திரம் கொஞ்சம் குறைச்சல். துணி அவ்வளவுதான் இருந்தது என்று டெய்லர் சொல்லிவிட்டார்.

உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது சங்கத் தலைவி விஜயலக்ஷ்மியின் உத்தரவு. பத்ரி சிவப்பு டி-ஷர்ட், வெள்ளை வேட்டி, நீல ஹவாய் செருப்புடன் அமெரிக்காவுக்கு மரியாதை செய்திருந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மெஹபூப் அலியின் சிக்கன் அடுப்பு. இந்தப் பக்கம் பனீர் அடுப்பு. விஜயலக்ஷ்மி அவ்வப்போது விரலைத் தூக்கி, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டார். காற்றையும் அவர் நம்புவதில்லை.

அமெரிக்கப் பண்டமான ஆப்பிள் பைக்குப் பதிலாக ஆப்பிள் போளி. வாணவேடிக்கைக்குப் போன தீபாவளியில் மிஞ்சிய மத்தாப்பு.

சங்கத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான். பிள்ளை திரும்பி வந்துவிட்டால் பெற்றோர் வெளியே. போன வருஷம் இரண்டாம் மாடித் தம்பதியின் மகள் திரும்பினாள். இப்போது அவர்களை லிஃப்டில் பார்த்தால் ‘வெயில் ஜாஸ்தி’ என்பதோடு சரி.

“ஏன் பத்ரி சார், உங்க பையன் சாய் நாலு மாசமா ஒரு ஃபோட்டோ கூடப் போடலையே? முன்னெல்லாம் புல்லு வெட்டினாக்கூடப் போட்டுண்டிருந்தானே?” என்றார் விஜயலக்ஷ்மி.

“பிஸி, மேடம்.”

சோளம் கருகியது.

சாய்சரண் மார்ச்சிலேயே வேலை பறிபோய் ஊர் திரும்பியிருந்தான். இந்த நேரம் அவன் நேர் கீழே, மூன்றாம் மாடியில், நியூஜெர்சியின் காலை வெயிலில் உட்கார்ந்திருந்தான். வெயில் என்பது இரண்டு டியூப்லைட். ஜன்னலில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டி, அதற்குப் பின்னால் அவற்றைச் சாய்த்து வைத்தவர் பத்ரிதான். சிம் டேட்டாவிலேயே பேசு, வைஃபையை நம்பாதே என்று மகனுக்கு அறிவுரை. குக்கர் வைக்காதே என்று மனைவிக்குத் தடை.

மாலை மணி ஏழு. வழக்கப்படி எல்லோரும் வீடியோ அழைப்பைப் போட்டு, கைப்பேசிகளை நீள மேசையில் கெச்சப் பாட்டில்களின் மேல் சாய்த்து வரிசையாக நிறுத்தினார்கள். பாஸ்டனிலிருந்து விஜயலக்ஷ்மியின் மகன் பிரணவ். டாலஸிலிருந்து மெஹபூப் அலியின் தௌஃபீக். கடைசியில், எப்போதும் ஓரமாகவே நிற்கும் ஜவஹருடைய மகள் ஸ்நேஹா, சிகாகோவிலிருந்து. எல்லா முகத்திலும் பளிச்சென்று காலை.

விஜயலக்ஷ்மி சாய்சரணின் திரைமுன் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் படாத குறை.

“ஏண்டா சாய், உங்க ஊர் வெயில் இவ்ளோ வெள்ளையாவா அடிக்கும்?”

சாய் எச்சில் விழுங்கினான். மேலே பத்ரியும் விழுங்கினார்.

கரண்ட் போயிற்று.

மாடி இருண்டது. கூடவே நியூஜெர்சியும் இருண்டது.

பத்ரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். இனி லிஃப்டில் தனக்கும் வெயில் ஜாஸ்திதான்.

கண்ணைத் திறந்து பார்த்தார். பாஸ்டனும் இருண்டிருந்தது. டாலஸும். மேசை நெடுகத் திரைகள் கறுப்பாக நின்றன.

கறுப்பு பாஸ்டனிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா, நம்மாத்துல மட்டுமா, இல்ல பில்டிங் முழுக்கவா?”

விஜயலக்ஷ்மி விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். மெஹபூப் அலி சிக்கனைத் திருப்புவதில் மும்முரமானார்.

மேசைக் கோடியில் ஒரு கைப்பேசி மட்டும் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. சிகாகோ. ஸ்நேஹாவுக்குப் பின்னால் ஒரு மரம், மரத்தின் மேல் அசல் வெயில். தெருவில் யாரோ பேண்டு வாசித்துப் போனார்கள். “என்னப்பா, ஏன் எல்லாரும் இருட்டுல நிக்கிறீங்க?” என்றாள், வாயில் ரொட்டியுடன்.

அந்த வெளிச்சத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, சேர்ந்து, ஜவஹரைப் பார்த்தார்கள்.

“ஜவஹர் சார்,” விஜயலக்ஷ்மியின் குரல் தணிந்திருந்தது. “உங்க பொண்ணு மட்டும் எப்படி இன்னும் அங்கயே இருக்கா?”

ஜவஹர் அவசரமாகக் கைப்பேசியைக் கவிழ்த்தார்.

“வந்துடுவா மேடம். இந்த வருஷத்துக்குள்ள எப்படியாவது வந்துடுவா.”