ஊதுபத்தியின் புகை

மந்தாரக்குப்பம் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டிருக்கிறது. தகரக் கூரை ஓட்டையில் இறங்கும் மாலை வெயில் அதன் சிவப்பு பானட்டின் மேல் நடுங்குகிறது. என்ஜின் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் போன வாரம்தான் மாட்டியது. ஆனாலும் மெக்கானிக் கண்ணகியின் ஸ்கேனரில் ஏறி இறங்க வேண்டிய பச்சைக் கோடு அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. "டூப்ளிகேட்ட மாட்டிட்டு என்னை அலைய வுட்டுக்கினு இருக்கீங்க," என்று கத்துகிறார் கார்க்காரர் செங்குட்டுவன். "ஆமாங்க, சென்சார்தான் கோளாறு. கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்று அவசரமாகச் சொல்கிறான் கண்ணகியின் கணவன் கொளஞ்சியப்பன். வெல்டிங் கண்ணாடி அவன் நெற்றியில் ஏறியிருக்கிறது. கண்ணகி சாமி படத்துக்கு முன் புகையும் ஊதுபத்தியை உருவிக்கொண்டு வருகிறாள். என்ஜினிலிருந்து சென்சாருக்குப் புகை போகும் குழாயை ஒட்டி அதை மெல்ல நகர்த்துகிறாள். ரோட்டில் சுரங்க ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போகின்றன. அந்தக் காற்றில் புகை கலைகிறது. அவள் கையை அசைக்காமல் காத்திருக்கிறாள். கடைசி பஸ்ஸும் போனதும் புகை நூலாக நிமிர்கிறது. கொளஞ்சியப்பன் வெல்டிங் வைத்த தழும்புக்கு நேரே வந்ததும் அந்த நூல் வெடுக்கென்று வளைந்து இரும்புக்குள் இழுபடுகிறது.

கண்ணகி நிமிர்கிறாள். கொளஞ்சியப்பனும் பார்த்துவிட்டான். சொல்லாதே என்று அவன் தலை லேசாக அசைகிறது. "இன்னாம்மா தெரியுது?" என்று செங்குட்டுவன் கிட்டே வருகிறார். பத்தியின் சாம்பல் அவள் விரலைச் சுட்டு உதிர்கிறது.

"சென்சார் நல்லாத்தாங்க இருக்கு. ஓட்டை வெல்டிங்ல. அது வழியா வெளிக்காத்து உள்ள போயி சென்சாரை ஏமாத்துது. அந்த வெல்டிங் நாங்க வச்சது."