சுமைகூலி

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

ஒரு சொட்டும் விழவில்லை.

மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். கழுத்து வரை பனிக்கட்டி அடைத்திருந்தது. பையின் மறுபக்கத்தில் செருகியிருந்த இன்னொரு பாட்டிலை எடுத்துக் குலுக்கினான். அதுவும் அப்படியே.

உச்சி கண்ணெதிரே தெரிந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு சரிவு. அதற்கு மேலே கொடி கட்டிய கம்பு. அவ்வளவுதான் பாக்கி.

ஆனால் அவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்த உடம்பு. தண்ணீர் விஷயத்தில் ஏமாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் டாக்டர் மலையேறவே சரி என்றார்.

வழிகாட்டி தேவேந்தர் பாட்டில்களை வாங்கிப் பார்த்தார். அவருடைய பாட்டிலும் வழியிலேயே காலியாகியிருந்தது. அடுப்போ கீழே கூடாரத்தில் இருந்தது. பனியை அப்படியே அள்ளித் தின்றால் உடம்புச் சூடு போய்விடும். அதற்கும் அவர் விடமாட்டார்.

இறங்கிவிடலாம் என்றார், இந்தியில், மெதுவாக.

அவன் இறங்கினால் கூட வந்த அக்காவும் இறங்குவாள். 'நீ போய்ப் பார்த்துட்டு வா' என்றால் கேட்கிற ஆளா அவள்?

அக்காவுக்காகத்தான் இந்தப் பயணமே. மூன்று வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, டிவியில் ஒரு பனிமலையைப் பார்த்துவிட்டு, "அந்த உச்சில ஒருதரம் நிக்கணும்டா" என்றவள் அவள்.

அன்றைக்கே அவன் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான்.

மதுரையில் ஒரு மாதம் சமையலறைத் தராசுக்கு ஓய்வில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தான். வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் வாங்கினான். சுருட்டினால் ஒரு தேங்காய் அளவுதான். லேசான உறக்கப்பை அக்காவுக்கு, பழைய கனத்த உறக்கப்பை தனக்கு. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்தான். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அக்காவின் தோளில் ஒரு கிராம்கூட அதிகம் ஏறக் கூடாது.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் தராசில் வேறு எதையாவது எடுத்து வைத்தான்.

அவள் பையிலிருந்து அவன் எடுத்து வெளியே வைத்தவற்றில் கனமானது அந்த எவர்சில்வர் பிளாஸ்க். ஆஸ்பத்திரி நாட்களில் வாங்கியது. அடியில் ஒரு ஒடுக்கு.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்க்கா. தண்ணிக்கு இந்த பாட்டில் போதும்" என்று, ஊதினால் பறக்கிற இரண்டு பாட்டில்களை அவளிடம் கொடுத்தான். தனக்கும் அதே மாதிரி இரண்டு.

தண்ணீர் உறையும் என்று மதுரைக்காரனுக்குப் படித்துத் தெரியும். பட்டுத் தெரியாது. உறைகிற குளிரில் பாட்டிலைப் பையின் வெளியே செருகிக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் தெரிந்தது.

அக்காவின் பாட்டில்களையும் பார்த்தான். அதே கதைதான்.

"இறங்கிருவோம்க்கா" என்றான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உச்சியையும் பார்க்க முடியவில்லை.

அக்கா பையை இறக்கிப் பனியில் வைத்தாள்.

காலையிலிருந்தே அந்தப் பையை அவள் தொடவிடவில்லை. தூக்கிவிடுகிறேன் என்று போனபோதும் தள்ளிப் போய்விட்டாள். பிளாஸ்கை வெளியே எடுத்து வைத்த கோபம் இன்னும் தீரவில்லை போல என்று அவன் நினைத்திருந்தான்.

அவள் உள்ளே கைவிட்டு, கம்பளிக் காலுறை ஒன்றை இழுத்தாள். காலுறை கனமாக வந்தது.

அதற்குள்ளிருந்து முதலில் அடிப்பக்கம் வெளியே வந்தது.

ஒடுக்கு.

வீட்டில் அவன் வெளியே எடுத்து வைத்தது அது. கீழே முகாமில் அவள் பையில் கண்டுபிடித்து இன்னொரு தடவையும் வெளியே எடுத்து வைத்தது.

மூடியில் ஊற்றினாள். ஆவி பறந்தது. அந்த வெட்ட வெளியில், வெறும் பனிக்கும் காற்றுக்கும் நடுவே, சீரக வெந்நீர் வாசம் வந்தது. கூடாரத்துச் சமையல்காரரிடம் என்ன பாஷையில் பேசிச் சீரகம் போட வைத்தாளோ, அவளுக்கே வெளிச்சம்.

குடித்தான். சூடு தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, அதற்கும் கீழே போனது.

கண் நிறைந்துவிட்டது. இந்த ஜென்மத்தில் தனக்கு இப்படி ஒரு அக்கா வாய்த்ததே என்று இருந்தது.

தேவேந்தர் பிளாஸ்கைத் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். போகலாம் என்று உச்சிப் பக்கம் கை காட்டினார்.

"கொடுக்கா" என்று அவன் கை நீட்டினான். "இனிமே நான் தூக்குறேன்."

அக்கா தரவில்லை. பிளாஸ்கைக் காலுறைக்குள் நுழைக்கப் போனாள்.

"ஏற்கெனவே என்னோடது ஒண்ணைத் தூக்கிட்டுத்தானேடா வர்றே. அது போதும்."

அவன் நீட்டிய கையை இறக்கினான். பிறகு மூடியை மறுபடி நீட்டினான்.

ஊற்றினாள்.

தாகம் தீர்ந்திருந்தது. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.