ஜன்னலில் ஒரு பென்சில்

“பெரிய சார் பென்சிலை எடுத்துட்டாருலே” என்று வீரணன் உதடு அசையாமல் சொன்னான். பதினொரு தலைகளும் சித்திரத் தாளுக்குள் கவிழ்ந்தன.

முற்றத்துக்கு எதிர்ப்பக்கம், தம் அறை ஜன்னலோரம் தலைமையாசிரியர் ஐயாதுரை கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். பென்சிலை வகுப்பை நோக்கி நீட்டுவார், கண்ணைச் சுருக்குவார், குனிந்து நீல அட்டை நோட்டில் ஏதோ கிறுக்குவார். மறுபடி நிமிர்வார்.

நாலு வாரமாக வெள்ளிக்கிழமை தோறும் இதே கூத்து. பேசுகிறவன் பேரையெல்லாம் குறிக்கிறார் என்று ராஜபாளையத்து ஹைஸ்கூல் முழுக்கப் பேச்சு. இதுவரை ஒருத்தனையும் கூப்பிட்டு அடிக்கவில்லை, அதுதான் பையன்களை அதிகம் பயமுறுத்தியது. “மொத்தமாச் சேத்து வச்சு வெளுக்கப் போறாருலே” என்று சொல்லிக்கொண்டே ஏழு பேர் வகுப்பை விட்டுக் கழன்றுவிட்டார்கள்.

டிராயிங் மாஸ்டர் தேவஇரக்கத்துக்கும் பயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற இளைஞர், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சேர்ந்த அன்றைக்கே பிரேயரில் பெரிய சார், “கணக்குப் போட்டவன் மில்லுல கிளார்க்கா இருக்கான். படம் போட்டவன் எங்க இருக்கான்?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தார்.

நாளைக்குப் பள்ளிக் கமிட்டி கூடுகிறது. சித்திர வகுப்பு வேண்டுமா, வேண்டாமா என்று பெரிய சாரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். வகுப்புப் போனால் வேலை போகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்கும் ஞானரத்தினத்துக்கும் கல்யாணம் என்று முதல் ஓலை வாசித்து அறிவிக்கப் போகிறார்கள். ‘ஹைஸ்கூல் வாத்தியார்’ என்ற ஒரே வார்த்தைக்காகத்தான் பெண்ணின் அப்பா தலையசைத்திருந்தார்.

தேவஇரக்கம் மேஜைமேல் இருந்த பித்தளைக் கெண்டியை ஒருமுறை சரி பார்த்தார். பார்த்து வரைவதற்குப் பள்ளிக்கூடத்தில் இருப்பது அது ஒன்றுதான். எந்தக் காலத்திலோ கீழே விழுந்து ஒரு பக்கம் நசுங்கிப்போன கெண்டி. நசுங்கலை ஜன்னல் பக்கம் திருப்பி மறைத்து, அழகான மூக்கைப் பையன்கள் பார்க்கும்படி வைப்பது அவர் வழக்கம்.

“சார், எனக்குக் கழுத்து மட்டும் நீண்டுக்கிட்டே போகுது” என்றான் வீரணன். அவன் தாளில் கெண்டி கொக்காகியிருந்தது.

“கண்ணால மட்டும் பாத்தா ஏமாத்தும்லே. பென்சிலை நீட்டிப் பிடிச்சு அளந்து பாரு” என்று சொல்லிக்கொண்டே தேவஇரக்கம் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சார்” என்று எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “செத்த அங்கிட்டு விலகி நில்லும். மறைக்குது.”

தேவஇரக்கம் காதெல்லாம் சிவக்க ஓரமாக ஒதுங்கினார். பையன்கள் முன்னாலேயே வாத்தியாரை ஒதுங்கச் சொன்னால், அந்த வாத்தியாருக்கு என்ன மரியாதை மிஞ்சும்? அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மணி அடித்ததும் பியூன் இருளப்பசாமி வாசலில் வந்து நின்றான். “சார், பெரிய சார் உங்களைக் கூப்பிடுதாவ.”

“கோவமா இருக்காவளா?”

“நோட்டை எடுத்து மேசையில வச்சிருக்காவ” என்றான் இருளப்பசாமி. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தேவஇரக்கம் உள்ளே போனதும் பெரிய சார் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஜன்னலையும் மூடினார். நீல அட்டை நோட்டு மேஜை நடுவில் கிடந்தது.

“சார், பையங்க சத்தம் போட்டிருந்தா அது எந்தப்பு” என்று தேவஇரக்கம் முந்திக்கொண்டார். “அவுங்களை அடிக்காதீய. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க.”

“இரும், இரும். கமிட்டிக்குக் கடுதாசி எழுதி அனுப்பியாச்சு.”

 தேவஇரக்கத்தின் கண்முன்னால் ஞானரத்தினத்தின் அப்பா முகம் வந்து போனது.

“வகுப்பு நடக்கட்டும்னு எழுதியிருக்கேன்” என்றார் பெரிய சார். “ஆனா ஒரு கண்டிஷன்.”

நோட்டில் பேர் ஏறியவர்களையெல்லாம் வெளியே தள்ளச் சொல்லப் போகிறார் என்று தேவஇரக்கம் நினைத்தார். பதினொன்றில் எத்தனை மிஞ்சுமோ, வீரணன் நிச்சயம் மிஞ்ச மாட்டான். இருந்தாலும் தலையை ஆட்டிவைத்தார்.

பெரிய சார் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நாலு வாரமா நசுங்கலையே வரைஞ்சு அலுத்துப் போச்சு சார், அடுத்த வெள்ளிக்கிழமையாவது கெண்டி மூக்கை எம்பக்கம் திருப்பி வையும்.”