புருஷன் மேல் ஒரு கேஸ்

"கட்டின புருஷன் மேல நானே கேஸ் போடணுமா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

அவள் போட்ட சத்தத்தில் வக்கீலம்மாவின் குமாஸ்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் பஸ் ஓட்டுநர். ஹாரனுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேச வராது.

"கோபப்படாதீங்க மேடம். பேப்பர்லதான் அவர் மேல கேஸ். பணம் தரப்போறது காருக்கு இன்ஷூரன்ஸ் போட்ட கம்பெனி" என்றார் வக்கீலம்மா. "ஆனா ஓட்டினவர் கவனக்குறைவா ஓட்டினார்னு நிரூபிச்சாதான் தருவாங்க. போலீஸ்ல என்ன சொல்லியிருக்கார்? நாய் குறுக்கே வந்துச்சுன்னு. நாய் மேலயா கேஸ் போட முடியும்?"

ஆறு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், விடிகாலை டியூட்டி முடித்த அசதியில் அவள் காரின் முன் சீட்டிலேயே தூங்கிவிட்டாள். ஓட்டியது கணவன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் மறுபடி பிரேக்கை மிதிக்கலாம் என்கிறார் டாக்டர். செய்யாவிட்டால் ஆயுசுக்கும் பஸ்ஸை வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"இவர் மேல தப்பே இல்ல மேடம். ஒரு வாயில்லா ஜீவனைக் காப்பாத்தப் போய் இப்படி ஆச்சு. இவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். குருவிக்குக்கூட வழி விட்டுட்டுப் போற ஆளு!"

பக்கத்து நாற்காலியில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்த கணவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"போன் பேசிக்கிட்டே ஓட்டினேன் மேடம். அப்படியே எழுதிக்கோங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க உளர்றீங்க?"

"யோசிச்சுப் பேசுங்க சார்" என்றார் வக்கீலம்மா. "போலீஸ்ல சொன்னதை மாத்தினா லைசென்ஸ் போயிடும். கம்பி எண்ணவும் வேண்டி வரலாம்."

"போகட்டும். அவ மறுபடி பஸ் ஓட்டணும், அவ்வளவுதான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காபியில் சர்க்கரை இல்லை என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷன்! தனக்காக ஜெயிலுக்கே போகிறேன் என்கிறானே! இப்படி ஒருத்தன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"வேண்டாம் மேடம்" என்று ஊன்றுகோலை எடுத்தாள். "செய்யாத தப்பை இவர் தலையில கட்டித்தான் என் கால் சரியாகணும்னா, நான் இப்படியே நொண்டிட்டுப் போறேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"மேடம் சொல்றதுதான் சரி சார்" என்றார் வக்கீலம்மா. "பொய் சொன்னா நிக்காது. அந்த நிமிஷம் நீங்க போன் பேசினீங்களான்னு இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் உங்க போன் கால் பட்டியலைக் கேட்டு வாங்குவாங்க. குட்டு வெளிப்பட்டா எல்லாமே போச்சு."

"வாங்கட்டும்."

கணவன் போனை எடுத்தான். விரலால் வெகுநேரம் தள்ளிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, மேஜை மேல் வைத்தான். வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார், போலீஸ் பேப்பரைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். பிறகு இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

விபத்து நடந்த அதே தேதி. மத்தியானம் இரண்டு பத்துக்கு அவனுடைய சிநேகிதனோடு ஆரம்பித்த பேச்சு, பதினோரு நிமிடம். கார் பாலத்துத் தூணில் மோதிய நேரம், பேப்பரில் இருந்தபடி, இரண்டு இருபத்தொன்று.

அவள் ஊன்றுகோலைக் கீழே வைத்தாள்.

"அப்போ... அந்த நாய்?"

"நாய் எதுவும் வரல" என்றான் கணவன், தரையைப் பார்த்தபடி. "கண்ணு முழிச்சதும் என்னாச்சுன்னு கேப்பியேன்னு, ஆம்புலன்ஸ்ல வர்றப்பதான் அதை யோசிச்சு வச்சேன்."