வராதே அப்பா

பொருட்காட்சித் திடலில் சாயங்கால வெயில் பாடகன் ராய்ஸின் கிதாரில் பட்டு முன்வரிசையில் தெறிக்கிறது. மாட்டுக் கொட்டகைச் சாண வாடையும் எண்ணெயில் பொரியும் மாவின் வாசனையும் மேடைவரை வருகின்றன. வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்திருக்கும் டென்னசிக்காரர்கள் குடிகார அப்பன் பாட்டைப் பாடச் சொல்லிக் கூச்சல் போடுகிறார்கள். ராய்ஸை ஊர் ஊராகக் கொண்டுபோன பாட்டு. குடித்துவிட்டு, பெற்ற பிள்ளையைத் தவிக்கவிட்டு ஓடிய அப்பனின் பாட்டு. அது அவனுடைய சொந்தக் கதை என்றே சனம் நம்புகிறது. முன்வரிசையில் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்தபடி அவனுடைய அப்பா ஹோபர்ட் இருக்கிறார். ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாதவர். பாட்டுப் போட்டிகளுக்கெல்லாம் மகனைப் பால் வண்டியில் கூட்டிப்போனவர். சொல்லாமல் வந்திருக்கிறார். ராய்ஸ் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவன் பக்கம் சாய்ந்து, "லானி, அது வேணாம்டா, வேற வாசி" என்கிறான். "வெளையாடுறியா? சனம் வந்ததே அதுக்குத்தான்" என்று லானி ஸ்டீல் கிதாரை மீட்டிவிடுகிறான். அழுகிற மாதிரி அந்த முதல் சுரம் எழுகிறது. ராய்ஸின் வாய் தானாகப் பாடுகிறது; கண் மட்டும் கிதார்க் கம்பியை விட்டு நகர மறுக்கிறது. ஹோபர்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பெண், அவர் யாரென்று தெரியாமல், "அந்த அப்பன் மட்டும் என் கையில ஆப்புட்டான்னா, தோலை உரிச்சிருவேன்" என்கிறாள். "உரிக்க வேண்டியதுதாம்மா. ஆனா பய எப்படிப் பாடுறான் பாத்தியா!" என்கிறார் அவர். பல்லவி வருகிறது. பழக்கதோஷத்தில் ராய்ஸ் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறான். "வராதே அப்பா, இந்த வாசலுக்கு வராதே!" என்று திடலே பாடுகிறது. அதில் எல்லாரையும்விட உரத்து, ஒரு வார்த்தை பிசகாமல் பாடுகிறவர் ஹோபர்ட்தான்.