அறுபத்தொரு புகார்கள்

"இறங்குங்க."

டிரைவரம்மா காரை ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

பின்சீட்டில் இருந்த தையல்காரம்மா கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "என் இடம் இன்னும் வரலையே."

"வரலைதான். இறங்குங்க."

அது ஷேர் கார். ஒரே பக்கம் போகிறவர்களை ஆப் ஒன்றாகச் சேர்த்துவிடும். பாதி வழியில் புதிதாக யாராவது கூப்பிட்டால், சந்துக்குள் புகுந்து அவரையும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்கு நேரம் போகும். ஓட்டுகிறவருக்குப் பெட்ரோலும் உயிரும் போகும்.

ஒருமுறை, "அந்தச் சுத்துக்கு எங்களுக்கு ஏன் காசு தர்றதில்லை?" என்று டிரைவரம்மா கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். பதில் வரவில்லை. மூன்று நாளைக்குச் சவாரியும் வரவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டாள். வண்டி ஓட்டிக்கொண்டே போனில் கணவனிடம் புலம்புவதோடு சரி.

இந்தத் தையல்காரம்மா ஒரு சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். தினமும் காலையில் ஏறுவார். நல்லது கெட்டது ஒரு வார்த்தை கிடையாது. கார் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினால் போதும், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். திரும்பி வந்ததும், "மூணு நிமிஷம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பேசியில் தட்டுவார். அடுத்த நொடி டிரைவரம்மாவின் ஆப்பில் சிவப்பாக வரும்: 'உங்கள் பயணம் குறித்து ஒரு புகார்.'

டிரைவரம்மா அவருக்கு வைத்த பெயரே 'மூணு நிமிஷம்'தான்.

இன்று ஆஸ்பத்திரிச் சந்தில் ஒரு நர்ஸ் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினாள்.

"மூணரை நிமிஷம்," என்றார் தையல்காரம்மா.

நர்ஸின் முகம் சுண்டிப்போய்விட்டது. "சாரிங்க... லிஃப்ட் வரல."

டிரைவரம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் காரை நிறுத்தினாள்.

"ஏம்மா, விடிய விடிய நின்னுட்டு வர்ற பொண்ணு. அவளுக்காக மூணு நிமிஷம் சுத்தினா உங்க குடி முழுகிடுமா? புகார் போட்டா எவ்வளவு காசு திரும்பக் கிடைக்கும், சொல்லுங்க. நானே தந்து தொலைக்கிறேன்!"

"உங்க காசு எனக்கெதுக்கு? கம்பெனிதான் பதில் சொல்லணும்."

"அப்ப கம்பெனியையே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

தையல்காரம்மா இறங்கினார். கதவை அறைந்து சாத்தியிருந்தாலாவது பரவாயில்லை, பூப்போலச் சாத்தினார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கண்ணாடியில் பார்த்தால், நடந்துகொண்டே மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கெல்லாம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. உடனே வர வேண்டுமாம்.

டிரைவரம்மா கணவனுக்குப் போன் செய்தாள். "எனக்கு வேலை போகப்போகுது."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஒருத்தங்களை நடுவழியில இறக்கி விட்டுட்டேன்."

"போனதும் மன்னிப்புக் கேட்டுடு."

"செத்தாலும் கேட்க மாட்டேன்."

"தெரியும். உன்கிட்ட சொன்னேன் பாரு, நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கம்பெனியில் கண்ணாடி அறைக்குள் அதிகாரி காத்திருந்தார். மேஜையில் ஒரு கத்தைக் காகிதம்.

"அந்தப் பயணியை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு மாசமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏத்திட்டுப் போறேன்."

"சொந்தக்காரங்களா?"

"அப்படி ஒரு சொந்தம் என் எதிரிக்குக்கூட வரக் கூடாது."

"வெளியில எங்கயாவது பார்த்துப் பேசிக்கிறதுண்டா?"

"அவங்ககிட்ட நான் வாயைத் திறந்ததே இன்னைக்குத்தான். அதுவும், இறங்குங்கன்னு சொல்ல. ஏன் சார் சுத்தி வளைக்கிறீங்க? இறக்கி விட்டது நான்தான். தப்புன்னு ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு ஏறினா நாளைக்கும் இறக்குவேன். கார் சாவி வேணுமா? இந்தாங்க!"

சாவி மேஜைமேல் விழுந்து சறுக்கிக்கொண்டு போனது.

அதிகாரி கத்துவார் என்று பார்த்தாள். அவரோ காற்றுப் போன பலூன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். "அவங்களோட நீங்க சிரிச்சுப் பேசியிருந்தா நாங்க தப்பிச்சிருப்போம்," என்றார்.

"என்ன சார் சொல்றீங்க?"

"அந்தம்மா இந்தப் புகாரையெல்லாம் கட்டண ஆணையத்துக்கும் அனுப்பியிருக்காங்க. அங்க உத்தரவு போட்டுட்டாங்க. டிரைவர் சொல்லிக் கொடுத்துப் போட்ட புகார்னு காட்டினா உத்தரவைத் தள்ள வச்சிடலாம். நீங்களோ அவங்க பேரைச் சொன்னாலே பாயறீங்க. சாவியை எடுத்துக்குங்க. சுத்துன தூரத்துக்கெல்லாம் உங்களுக்குக் காசு வருது. உங்களுக்கு மட்டுமில்ல, ஷேர் கார் ஓட்டுற எல்லாருக்கும்."

காகிதக் கத்தையை அவள் பக்கம் தள்ளினார். மொத்தம் அறுபத்தொரு புகார்கள். புரட்டியவரை தேதியும் நிமிடமும்தான் வேறு, மற்றதெல்லாம் ஒன்றே.

'இன்று மூன்று நிமிடம் சுற்றி ஓட்டினார். அதற்கும் சேர்த்துப் பயணிகளிடம் வாங்கிவிட்டீர்கள். ஓட்டுநருக்குத் தரவில்லை. ஓட்டுநர்கள் கேட்டால் சவாரியை நிறுத்துகிறீர்கள். என்னை என்ன செய்வீர்கள் என்று பார்க்கிறேன்.'

டிரைவரம்மா கடைசிக் காகிதத்தைப் புரட்டினாள். இன்று காலை எழுதியது.

'இன்று ஓட்டுநர் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அதற்குமுன் மூன்றரை நிமிடம் சுற்றியிருக்கிறார். அந்தக் காசைக் கொடுங்கள்.'