கடி வாங்கிய பலகை

அந்த நீளமான ஸ்கேட்போர்டின் பலகையும் சக்கரமும் ஒரே வீட்டில் வளர்ந்த அக்கா தம்பி மாதிரி. நடுவில் இருந்தது ட்ரக் என்கிற இரும்பு அச்சு. யார் குரலில் வேண்டுமானாலும் பேசும், அப்படி ஒரு வால்.

வளைவில் சாய்ந்தாலே சக்கரம் பலகையின் அடிவயிற்றை உரசும். "க்ர்ரக்!"

"கடிக்கிறான் பாரு!" என்று பலகை கத்தும்.

"நீதானே மேல வந்து விழுந்தே!" என்று சக்கரம் சீறும்.

ஒருநாள் அந்த உரசலில் சக்கரம் சட்டென்று நின்றுவிட, ஓட்டிவந்த யாழ்மொழி குப்புற விழுந்தாள்.

"இனிமே இவனோட என்னால ஆகாது!" என்றது பலகை.

யாழ்மொழி ட்ரக்கின் நட்டை இறுக்கிப் பார்த்தாள். உரசல் நின்றது, ஆனால் போர்டு வளைவில் திரும்பவே மாட்டேன் என்றது. நட்டைப் பழையபடி தளர்த்தினாள். பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவே ரைசர் என்கிற தடித்த ரப்பர் துண்டை வைத்து, நீளமான திருகுகளால் முடுக்கினாள்.

"அப்பாடா!" என்றது பலகை.

அன்று எந்த வளைவிலும் சத்தமில்லை. மறுநாளும் இல்லை. சக்கரம் எட்டாத தூரத்தில் தன்பாட்டுக்குச் சுற்றியது. அது உரசி உரசிப் பதித்த பள்ளத்தில் காற்று மட்டும் வந்து போனது.

அடுத்த வளைவில், "க்ர்ரக்!"

"டேய், கடிக்காதேடா!" பலகையின் குரலில் அத்தனை சந்தோஷம்.

"நானா? நான் இங்க கீழ இருக்கேன்க்கா."

ட்ரக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "நான்தான்! எப்படி?"

பலகை திட்டவில்லை. மெல்லக் கேட்டது: "இன்னொரு தரம் அந்தச் சத்தம் போடேன்."

"போடுடா," என்றது கீழேயிருந்து சக்கரம். "அக்கா திட்டட்டும்."